வெள்ளி டிரெஸ்ஸிங் வீக்கத்தையும் குறைக்குமா?

கேள்வி: அப்பாவுக்குக் காலில் ஆறாத புண். வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங் போட்ட ஒரே வாரத்தில் சுற்றியிருந்த சிவப்பும் வீக்கமும் வடிந்துவிட்டன. வெள்ளிக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டா? மீதமுள்ளதை என் கை எக்சிமாவுக்குப் போடலாமா?

பதில்: உண்டு. ஆனால் அப்பாவுக்கு வடிந்ததில் பெரும்பங்கு அந்தக் குணத்தால்தான் என்று நான் நினைக்கவில்லை. புண்ணில் கிருமி மண்டிக்கிடந்தால் உடம்பு அதோடு மல்லுக்கட்டும், அந்தச் சண்டைதான் சிவப்பு, சூடு, வீக்கம், நீர்க்கசிவு எல்லாம். வெள்ளி அயனிகள் கிருமியின் புரதங்களிலும் சவ்விலும் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிட்டால் சண்டை தானாக ஓயும்.

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, ஆனால் எல்லா வெள்ளிக்கும் கிடையாது. வேதிப்பொருள் தடவி அழற்சி உண்டாக்கிய பன்றித் தோலில், அதாவது தொற்றால் வராத அழற்சியில், நானோ படிக வெள்ளி (மிக மிக நுண்ணிய படிகங்களாக உள்ள வெள்ளி) டிரெஸ்ஸிங்கைப் போட்டுப் பார்த்தார்கள். சிவப்பும் வீக்கமும் குறைந்தன, டி.என்.எஃப் ஆல்ஃபா மாதிரி அழற்சியைத் தூண்டும் பொருள்களும் குறைந்தன. சில்வர் நைட்ரேட் கரைசலால் அது முடியவில்லை. ஆக, வெள்ளி எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். தீக்காயத்துக்குத் தடவும் சில்வர் சல்ஃபாடயசின் க்ரீமையும் இதையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

சரி, எக்சிமா? வேண்டாம். பன்றித் தோலில் பலித்ததை வைத்து உங்கள் கைக்கு வைத்தியம் பார்க்க முடியாது. நானோ படிக வகை ஈரம் பட்டால்தான் வேலையே செய்யும், வறண்ட தோலில் சும்மா கிடக்கும். தவிர, பிரித்த பாக்கெட்டில் இருப்பது ஸ்டெரைலும் இல்லை. எக்சிமாவுக்குத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பாவுக்கு வெள்ளி டிரெஸ்ஸிங் போட ஆரம்பித்து 2 வாரம் ஆனதும் புண்ணை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளி டிரெஸ்ஸிங் பற்றி 2012-இல் வந்த பன்னாட்டு நிபுணர் அறிக்கை சொன்ன கணக்கும் அதுதான். தொற்று அடங்கிவிட்டால் சாதாரண டிரெஸ்ஸிங் போதும், ஏனென்றால் வெள்ளி புதிதாக வளரும் தோல் செல்களையும் கொஞ்சம் படுத்தும். ரத்த ஓட்டம், சர்க்கரை போன்ற மூலக் காரணத்தைக் கவனிக்காமல் வெள்ளியை மாற்றி மாற்றி ஒட்டிப் பயனில்லை. சிவப்பு மறுபடி பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ 2 வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், நானோ படிக வகையை நனைக்க ஸ்டெரைல் வாட்டர்தான், சலைன் (உப்புக் கரைசல்) கூடாது. உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். புண்ணைச் சுற்றித் தோல் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் அது வெள்ளிக் கறைதான்.