'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் ஆண்டனியின் பேச்சு புரூட்டஸின் பேச்சை எப்படித் தோற்கடித்தது? உண்மையில் யார் துரோகி?

சதிகாரர்களோடு சேர்ந்து சீசரைக் கொன்ற அவரது நண்பன் புரூட்டஸும், சீசரின் விசுவாசி ஆண்டனியும் இறுதிச் சடங்கில் ரோம் மக்கள் முன்னால் அடுத்தடுத்துப் பேசுகிறார்கள். கைடு புத்தகங்களில் முதல் கேள்விக்கு ஒரு ரெடிமேட் பதில் இருக்கும். புரூட்டஸ் அறிவோடு பேசினான், ஆண்டனி உணர்ச்சியோடு பேசினான், கூட்டம் உணர்ச்சியின் பக்கம் சாய்ந்தது. கல்லூரித் தேர்வில் நானும் இதைத்தான் எழுதி மார்க் வாங்கினேன். அப்படியே தூக்கிப் போட வேண்டிய பதில் இல்லை, ஆனால் அழுகிற மாதிரிப் பேசினால் போதும், கூட்டம் கவிழ்ந்துவிடும் என்று இது நம்ப வைக்கிறது. ஷேக்ஸ்பியர் அவ்வளவு லேசாக எழுதவில்லை.

நாடகத்தை முதலிலிருந்து கவனித்தால், இதில் ஜெயிக்கிற பேச்சுகள் எல்லாமே ஒரே மாதிரி வேலை செய்கின்றன. பேசுகிறவன் பாதியில் நிறுத்திவிடுகிறான், மீதியைக் கேட்கிறவனே சொல்லிக்கொள்கிறான். தன் வாயால் சொன்னதை எவன் சந்தேகப்படுவான்?

முதலில் சதியைத் தொடங்கிவைத்த காஷியஸ். புரூட்டஸை சதிக்கு இழுக்க வேண்டும், ஆனால் 'சீசரைக் கொல்லலாம் வா' என்று அவன் ஆரம்பிக்கவே இல்லை. உன் முகத்தை உன்னால் பார்க்க முடியுமா, நான் வேண்டுமானால் உனக்குக் கண்ணாடியாக இருக்கிறேன் என்று சுற்றி வளைக்கிறான். வெளியே கூட்டம் ஆரவாரம் செய்கிறது. மக்கள் சீசரை ராஜாவாக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்று புரூட்டஸ்தான் முதலில் வாய் விடுகிறான். காஷியஸ் உடனே பிடித்துக்கொள்கிறான்: ஓ, பயப்படுகிறாயா, அப்படியானால் உனக்கு அதில் இஷ்டம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்றால் இதுதான். அப்புறம்தான் டைபர் நதியில் சீசர் மூழ்கப்போய்க் கத்திய கதை, ஸ்பெயினில் காய்ச்சலில் நடுங்கிய கதை எல்லாம் வருகின்றன.

அதைவிட அழகான இடம் மொட்டைக் கடிதம். பல பேர் எழுதியது போல வெவ்வேறு கையெழுத்தில் கடிதங்கள் தயார் செய்து புரூட்டஸின் ஜன்னல் வழியாகப் போட வைப்பது காஷியஸின் ஏற்பாடு. இரண்டாம் அங்கத்தில் புரூட்டஸ் ஒன்றைப் பிரித்துப் படிக்கிறான். 'தூங்குகிறாய், விழித்துக்கொள், ரோம் இப்படியே...' என்று போய் வாக்கியம் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. இதை நான்தான் நிரப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒற்றை மனிதனுக்கு ரோம் அஞ்சி நிற்பதா என்று அவனே எழுதி முடிக்கிறான், தன் முன்னோர் ரோமின் பழைய மன்னன் டார்குவினைத் துரத்திய பெருமையையும் சேர்த்துக்கொள்கிறான். காஷியஸ் விட்டது வெறும் வெற்றிடம். சதியை அதில் எழுதியது புரூட்டஸ்.

சதிகாரர்களில் ஒருவனான டீசியஸ் சீசரிடம் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். சீசரின் சிலையிலிருந்து ரத்தம் கொட்டுகிற மாதிரி அவர் மனைவி கால்பூர்னியா கனவு கண்டிருக்கிறாள், சீசரும் இன்று போகவில்லை என்று முடிவெடுத்துவிட்டார். டீசியஸ் வந்து, அது நல்ல கனவாச்சே, உங்கள் ரத்தத்தால் ரோம் உயிர் பெறப்போகிறது என்று அர்த்தம் சொல்கிறான். இன்று செனட் (ரோமின் ஆட்சி மன்றம்) கிரீடம் தரப்போகிறது, மனைவிக்கு நல்ல கனவு வரட்டும் என்று சபையை ஒத்திவைத்தால் ஊர் சிரிக்காதா என்றும் லேசாகத் தட்டிவிடுகிறான். அதற்கு மேல் அவன் பேச வேண்டிய அவசியமே இல்லை, சீசர் அங்கியை எடுத்து வரச் சொல்லிவிடுகிறார்.

சரி, இப்போது மேடைக்கு வருவோம். புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறான், ரொம்பக் கச்சிதமாக. சீசரை நேசித்தேன், ரோமை அதைவிட நேசித்தேன், அவருக்குப் பேராசை, அதனால் கொன்றேன். கேள்வியும் அவனே, பதிலும் அவனே. அடிமையாக இருக்க விரும்புகிற இழிந்தவன் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், அவனுக்குத்தான் நான் குற்றம் செய்தவன் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிறுத்துகிறான். 'ஆமாம், நான்தான்' என்று எவன் கை தூக்குவான்? இல்லை என்பதைத் தவிர வேறு எதற்கும் அந்த மௌனத்தில் இடம் இல்லை. கூட்டம் கைதட்டுகிறது, ஆனால் அதில் ஒருவன் 'இவரையே சீசராக்குவோம்' என்று கத்துகிறான் பாருங்கள், அங்கேயே விஷயம் முடிந்தது. எதற்காகக் கொலை செய்தானோ அது ஒருத்தருக்கும் ஏறவில்லை. இது போதாதென்று, எல்லோரும் இருந்து ஆண்டனி பேசுவதைக் கேளுங்கள் என்று கூட்டத்தை உட்கார வைத்துவிட்டு அவன் தனியாகக் கிளம்பியும் விடுகிறான். ஆண்டனியைப் பேச விடாதே என்று காஷியஸ் தலைபாடாக அடித்துக்கொண்டதையும் கேட்கவில்லை. நல்லவன், ஆனால் நல்லவன் என்ற நினைப்பு கொஞ்சம் அதிகம்.

ஆண்டனியும் பேச்சை நிறுத்துகிறான், ஆனால் அவன் நிறுத்துகிற விதமே வேறு. என் இதயம் அந்தப் பெட்டிக்குள் சீசரோடு கிடக்கிறது, அது திரும்பி வரும்வரை பொறுங்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். அந்த இடைவெளியில் ஜனங்கள் தங்களுக்குள் பேச ஆரம்பிக்கிறார்கள்: இவன் சொல்வதில் நியாயம் இருக்கிற மாதிரி இருக்கிறதே, சீசர் கிரீடத்தை வேண்டாம் என்றாரே, அப்புறம் எங்கே பேராசை? பிரசாரத்தைக் கூட்டமே செய்துகொள்கிறது. 'புரூட்டஸ் கண்ணியமானவர்' என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்வதும் அப்படித்தான். புரூட்டஸைப் பொய்யன் என்று ஒரு தடவைகூட அவன் சொல்லவில்லை, சதிகாரர்களைக் குறை சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கு அந்தக் கட்டம் வரை எழுத்தளவில் பத்திரமாக இருக்கிறது. 'துரோகிகள்' என்று முதலில் கத்துவது கூட்டத்தில் ஒருவன்தான்.

சீசரின் உயிலையும் எடுத்துக் காட்டுகிறான், படிக்கமாட்டேன் என்கிறான். நீங்கள்தான் வாரிசு என்று தெரிந்தால் என்ன ஆகுமோ என்று வாய் தவறியது போலச் சொல்லிவிட்டு, ஐயோ சொல்லிவிட்டேனே என்கிறான். பிறகு கீழே இறங்கி, பிணத்தைச் சுற்றி அவர்களை நிற்க வைத்து, அங்கியின் கிழிசல்களைக் காட்டுகிறான்: இது கேஸ்கா குத்தியது, இது புரூட்டஸ் குத்தியது. கொலை நடந்தபோது இவன் அங்கே இல்லவே இல்லை, இன்னொரு சதிகாரன் ட்ரெபோனியஸ் முன்னதாகவே வெளியே கூட்டிப் போய்விட்டான். எந்த ஓட்டை யாருடையது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? அழுதுகொண்டிருக்கிற கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை, படிக்கிற நாமும் முதல் தடவை கேட்பதில்லை.

இந்தப் பேச்சு பெரும்பாலும் ஷேக்ஸ்பியரின் கற்பனை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கி.மு. 44 மார்ச் 15-ல் கொலை நடந்தது, இறுதிச் சடங்கில் ஆண்டனி பேசியதும் ரத்தக்கறை அங்கியைக் காட்டியதும் பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க்கின் நூலில் இருக்கின்றன. ஆனால் இன்னொரு பழைய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் தருகிற கணக்கில், செனட்டின் தீர்மானத்தை ஒருவரை விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு ஆண்டனி சொந்தமாகச் சேர்த்தது சில வார்த்தைகள்தான். 1599-ல் லண்டனில் மேடையேறிய நாடகம்தான் அதை இவ்வளவு பிரபலமான பேச்சாக்கியது.

இனி யார் துரோகி என்ற கேள்வி. எல்லோரும் புரூட்டஸைச் சொல்வார்கள், நண்பனைக் குத்தியவன் என்ற பழியிலிருந்து அவன் தப்பவும் முடியாது. ஆனால் அவன் செய்ததை ஊர் முன்னால் நின்று ஒப்புக்கொண்டான். ஆளுக்கு 75 டிராக்மா நாணயம், டைபர் கரைத் தோட்டங்கள் எல்லாம் உங்களுக்கு என்று ஆண்டனி உயிலைப் படித்ததும் ஜனங்கள் தீப்பந்தம் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், சதிகாரன் ஒருவனைப் போலவே சின்னா என்ற பெயர் இருந்த பாவத்துக்கு ஒரு கவிஞனை அடித்தே கொல்கிறார்கள். அடுத்து நான்காம் அங்கத்தின் முதல் காட்சி. ஆண்டனி, சீசரின் உறவுக்காரன் ஆக்டேவியஸ், அவர்களின் கூட்டாளி லெபிடஸ் மூவரும் யார் யாரைக் கொல்லலாம் என்று பட்டியல் போடுகிறார்கள், தன் சகோதரியின் மகன் பெயருக்கும் ஆண்டனி புள்ளி வைக்கிறான். அப்படியே போகிற போக்கில் லெபிடஸிடம் சொல்கிறான்: சீசர் வீட்டுக்குப் போய் அந்த உயிலை எடுத்து வா, அதில் கொடுக்க வேண்டியதில் எவ்வளவு வெட்டலாம் என்று பார்ப்போம்.

அதே உயில்தான், ஜனங்களை அழவைத்த அதே 75 டிராக்மாதான். என் பார்வையில் நாடகத்தின் பெரிய துரோகம் இதுதான், ஏமாந்தவர்கள் யாரும் மேடையில் இல்லாததால் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. வரலாற்றிலும் சீசரின் பணத்தை ஆண்டனி கையில் வைத்துக்கொண்டு விடவில்லை, இளைஞன் ஆக்டேவியஸ்தான் சொத்துகளை விற்று அந்தத் தொகையை மக்களுக்குக் கொடுத்துப் பெயர் வாங்கிக்கொண்டான். ஆண்டனியின் பேச்சை அடுத்த முறை படிக்கும்போது அந்த நான்காம் அங்கக் காட்சியையும் கையோடு படித்துவிடுங்கள், சுமார் ஐம்பது வரிதான்.