முனிச்சின் ஐந்து போலீஸ்காரர்கள் – கடிதம்

வணக்கம் சார்,

போலீஸ் பயிற்சி பற்றி நீங்கள் எழுதியதில் 1972 முனிச் ஒலிம்பிக்கை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பிணைக்கைதி, துப்பாக்கிச் சண்டை என்று வந்துவிட்டால் ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதுதானே, போலீஸுக்குள் எதற்குத் தனியாக ஒரு கமாண்டோ படை? இல்லை, தேவைதான் என்றால் மாவட்டத்துக்கு ஒன்று வைத்தால் என்ன?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முனிச்சை ஒரு வரியில் கடந்தது தப்புதான். உங்கள் முதல் கேள்விக்குப் பதிலே அங்கேதான் இருக்கிறது.

நாஜி ஆட்சியைப் பார்த்துவிட்ட மேற்கு ஜெர்மனி, ராணுவத்தை உள்ளூர்க் காவல் வேலையில் இறக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே கடுமையாகக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அதனால் செப்டம்பர் 5 அன்று 'கறுப்பு செப்டம்பர்' என்ற பாலஸ்தீன ஆயுதக் குழுவின் ஆட்கள் 8 பேர் ஒலிம்பிக் கிராமத்துக்குள் புகுந்து, இஸ்ரேல் அணியில் 2 பேரைக் கொன்று 9 பேரைப் பிடித்து வைத்தபோது, எல்லாம் பவேரிய மாநில போலீஸின் தலையில் விழுந்தது. பகலில் டிராக் சூட் போட்ட போலீஸ்காரர்கள் கூரையில் ஏறினார்கள். டிவி அதை நேரலையில் காட்டியது. பிணைக்கைதிகள் இருந்த கட்டிடத்திலும் டிவி இருந்தது. இறங்கிவிட்டார்கள்.

இரவு, ஃபூர்ஸ்டன்ஃபெல்ட்ப்ரூக் விமானத் தளம். பிணைக்கைதிகளோடு விமானம் ஏற வரும் கடத்தல்காரர்களை அங்கே மடக்குவதுதான் போலீஸின் திட்டம். வருவது நாலைந்து பேர் என்று நினைத்து, குறிபார்த்துச் சுட 5 பேரை நிறுத்தியிருந்தார்கள். 8 பேர் என்பது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது, அந்த ஐவருக்கு அதுவும் போய்ச் சேரவில்லை, ஏனென்றால் அவர்களிடம் வயர்லெஸ் கிடையாது. துப்பாக்கியில் தொலைநோக்கி கிடையாது. விமானத்துக்குள் பணியாளர் வேஷத்தில் காத்திருந்த போலீஸ்காரர்கள், இது தற்கொலை என்று தங்களுக்குள் ஓட்டுப் போட்டு முடிவெடுத்துக் கிளம்பிவிட்டார்கள். கவச வண்டிகள் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டன. 9 பேரும் இறந்தார்கள், ஒரு போலீஸ்காரரும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்து பேர்தான் கண்ணில் நிற்கிறார்கள். சாதாரண போலீஸ்காரர்கள், இருட்டில், யாரைச் சுடுவது என்றுகூடத் தெரியாமல். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

அன்றிரவு அங்கே நின்று எல்லாவற்றையும் பார்த்த அதிகாரி உல்ரிச் வெகனர். அவர் தலைமையில் எல்லைக் காவல் படைக்குள் உருவானதுதான் ஜிஎஸ்ஜி 9. ராணுவம் அல்ல, போலீஸ். ராணுவத்துக்கு எதிரில் இருப்பவன் எதிரி. போலீஸுக்கு அவன் குற்றவாளி, முடிந்தால் உயிரோடு பிடித்துக் கோர்ட்டில் நிறுத்த வேண்டியவன், சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1993-ல் பாட் க்ளைனன் ரயில் நிலையத்தில் ஒருவரைப் பிடிக்கப் போனபோது அவரும் ஒரு ஜிஎஸ்ஜி 9 வீரரும் இறந்தார்கள். அது எப்படி நடந்தது என்ற கேள்வி பெரிதானதும் உள்துறை அமைச்சரே பதவி விலகினார். அந்தக் கணக்குக் கேட்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1977 அக்டோபரில் லுஃப்தான்சா விமானம் ஒன்று கடத்தப்பட்டு, வழியில் கேப்டன் கொல்லப்பட்டு, சோமாலியாவின் மொகடிஷுவில் போய் நின்றது. நள்ளிரவு தாண்டி விமானத்துக்கு முன்னால் தீ மூட்டினார்கள். என்ன வெளிச்சம் என்று பார்க்கக் கடத்தல்காரர்கள் விமானி அறைப் பக்கம் போக, இந்தப் பக்கம் ஜிஎஸ்ஜி 9 வீரர்கள் ஏணி வைத்துக் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். 86 பயணிகளும் பிழைத்தார்கள். முனிச்சில் இல்லாதது அத்தனையும் அங்கே இருந்தது.

சரி, மாவட்டத்துக்கு ஒன்று? வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 1967 வாக்கில் தொடங்கிய ஸ்வாட் என்ற போலீஸ் கமாண்டோ படை, பிறகு சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் பரவியது. பிணைக்கைதி தினமும் கிடைக்க மாட்டார், ஆனால் படை இருக்கிறதே, அதற்கு வேலை வேண்டும். ஏசிஎல்யூ என்ற சிவில் உரிமை அமைப்பு 800-க்கும் மேற்பட்ட ஸ்வாட் நடவடிக்கைகளை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட அறிக்கையில், 79 சதவீதம் வீட்டுச் சோதனைக்காகவே நடந்தவை. பிணைக்கைதி மீட்பு மாதிரியானவை 7 சதவீதம்தான். அதே வருடம் ஜார்ஜியாவில் போதைப்பொருள் தேடி நடுராத்திரி கதவை உடைத்துப் போட்ட வெடி, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுகூட ஆகாத குழந்தையின் தொட்டிலில் விழுந்தது. தேடிப்போன ஆள் அந்த வீட்டிலேயே இல்லை.

தூரமும் ஆபத்துதான், மறுக்கவில்லை. 2008 தாக்குதலின்போது மும்பைக்கு என்எஸ்ஜி என்ற மத்திய கமாண்டோ படை டெல்லிப் பக்கமிருந்து வந்து சேர விடிந்துவிட்டது, அதற்கப்புறம்தான் சென்னை உட்பட நாலு நகரங்களில் அவர்களுக்கு மையம் வந்தது. அந்த அளவுக்குச் சரி. மாவட்டத்துக்கு ஒன்று என்று கேட்பதாக இருந்தால், பேச்சு நடத்தப் பயிற்சி பெற்ற இரண்டு எஸ்.ஐ.க்களைக் கேளுங்கள். 1973 ஜனவரியில் ப்ரூக்ளினில் ஆயுதம் விற்கும் கடை ஒன்றைக் கொள்ளையர்கள் பிடித்துக்கொண்டபோது, தங்களில் ஒருவரை ஆரம்பத்திலேயே பறிகொடுத்த நியூயார்க் போலீஸ் ஆத்திரத்தில் உள்ளே பாயவில்லை. 47 மணி நேரம் வெளியே காத்துக் கிடந்தார்கள். உள்ளே மிச்சமிருந்த பிணைக்கைதிகள் மொட்டை மாடி வழியாகத் தப்பி வந்தார்கள், கொள்ளையர்கள் சரணடைந்தார்கள்.