உறைந்துபோன ஊசியும் புதிய பிராண்டும்

கேள்வி: முடக்குவாதத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் 40 மி.கி. ஊசி போட்டுக்கொள்கிறேன். இம்முறை வேறு நிறுவனத்தின் ‘பயோசிமிலர்’ (அசல் உயிரியல் மருந்தை மிக நெருக்கமாக ஒத்த மருந்து) கொடுத்தார்கள். பழைய ஊசி மாதிரியே வேலை செய்யுமா? அதில் ஒன்று ஃப்ரிட்ஜின் பின்சுவரில் ஒட்டி உறைந்துவிட்டது. இப்போது உருகித் தெளிவாக இருக்கிறது. போடலாமா?

பதில்: உறைந்ததைப் போடாதீர்கள். தெளிவாக இருப்பதை நம்ப முடியாது. நீர் பனிக்கட்டியாகும்போது, மருந்துப் புரதம் மிச்சமிருக்கும் கொஞ்ச நீரில் நெருக்கப்படுகிறது. அதன் மடிப்புகள் கலைந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளலாம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் திரள்களை எதிர்த்து உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கிவிட்டால், பிறகு போடும் நல்ல ஊசியும் பலிக்காமல் போகலாம். மாற்று ஊசிக்கு மருத்துவமனையிடம் கேளுங்கள். தவறிய டோஸுக்காக இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் போட வேண்டாம்.

இனி ஊசியை அட்டைப்பெட்டியோடு நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வையுங்கள். கதவும் பின்சுவரும் வேண்டாம். போடுவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன் வெளியே எடுத்தால் போதும். வெந்நீரில் வைப்பதோ குலுக்குவதோ கூடாது.

அடுத்தது பயோசிமிலர். பாராசிட்டமால் மூலக்கூறின் எடை சுமார் 151 டால்டன். அடாலிமுமாப் ஏறத்தாழ 1,48,000. இதை வேதிவினையால் அச்சு அசலாகச் செய்ய முடியாது. சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களைத் தொட்டியில் வளர்த்தால், அவைதான் சுரந்து தருகின்றன. பிறகு, மருந்தைப் பற்றிக்கொள்ளும் ‘புரோட்டீன் ஏ’ என்ற புரதம் நிரப்பிய குழாயில் அதைப் பிடித்து, அமிலத்தில் வைத்தும் மிக நுண்ணிய வடிகட்டியில் செலுத்தியும் வைரஸ் அபாயத்தை நீக்குகிறார்கள். தொட்டியின் வெப்பமோ அமிலத்தன்மையோ சற்று மாறினாலும் புரதத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் மாறும். ஆகவே அசல் பிராண்டிலேயே பேட்ச்சுக்கு பேட்ச் சிறு வேறுபாடு உண்டு; பலர் இதை மறந்துவிட்டு பயோசிமிலரை மட்டும் சந்தேகிக்கிறார்கள். இந்த வேறுபாடுகளை அளக்கும் நுட்பம் இன்று மிகவும் முன்னேறியிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்தால்தான் பயோசிமிலருக்கு ஒப்புதல். இதே வகை மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப்பில், நார்வேயில் 482 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மாற்றியவர்கள் மாறாதவர்களைவிட மோசமாகவில்லை. தயங்காமல் மாறுங்கள்.

ஆனால் ஊசி போடும் பேனா மாறியிருக்கலாம். எத்தனை ‘கிளிக்’, எத்தனை விநாடி அழுத்த வேண்டும் என்பதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள். சீக்கிரம் எடுத்துவிட்டால் மருந்து தோலில் வழிந்துவிடும். சில தயாரிப்புகளில் 0.8 மி.லி.க்குப் பதில் 0.4 மி.லி.தான், எரிச்சல் தரும் சிட்ரேட் உப்பும் இருக்காது, அதனால் எரிச்சல் குறையும். பிராண்டையும் பேட்ச் எண்ணையும் குறித்து வையுங்கள். பக்கவிளைவு வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மூட்டு வீக்கம் திரும்பினால், மருந்தைக் குறை சொல்லும் முன் சி.ஆர்.பி.யும் (அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), இரத்தத்தில் மருந்தளவும், எதிர்ப்பொருளும் பார்க்கச் சொல்லுங்கள்.