சுகர் கிளைடர்: தலைச் சொட்டை முதல் வயிற்றுப் பை வரை

சுகர் கிளைடரும் பறக்கும் அணிலும் ஒன்றுதானே?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சாம்பல் ரோமம், பெரிய கண்கள், விலாவோரம் சுருங்கிக் கிடக்கும் தோல். ஆனால் சொந்தபந்தம் விசாரித்தால் பறக்கும் அணில் எலிப் பக்கம், சுகர் கிளைடர் வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் கங்காருப் பக்கம். மரம் விட்டு மரம் போக வேண்டிய தேவை இரண்டுக்கும் இருந்தது. தனித்தனியாக ஒரே வழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

சந்தேகம் இருந்தால் வாயைப் பாருங்கள். மேல்வரிசையில் அணிலுக்கு முன்பல் இரண்டு, கிளைடருக்கு ஆறு. தோலை விரித்தாலும் வித்தியாசம் தெரியும். பறக்கும் அணிலின் மணிக்கட்டிலிருந்து ஒரு குருத்தெலும்புக் குச்சி நீண்டு, குடைக்கம்பி மாதிரி தோலைத் தாங்கும். கிளைடருக்கு அது கிடையாது. முன்காலின் சுண்டுவிரலிலிருந்து பின்காலின் கட்டைவிரல் வரை தோல்தான்.

இன்னொன்று, இரண்டுமே பறப்பதில்லை, சறுக்குகின்றன. கிளைடர் ஏறத்தாழ 1.8 மீட்டர் முன்னே போவதற்குள் 1 மீட்டர் கீழே இறங்கிவிடும். உயரமான மரமாக இருந்தால் 50 மீட்டர் வரைகூடப் போகும். இறங்கும் இடம் நெருங்கியதும் உடம்பை நிமிர்த்தி வேகத்தைக் குறைத்து, நான்கு காலாலும் அடிமரத்தைக் கவ்விப் பிடிக்கும்.

என் ஆண் கிளைடருக்கு உச்சந்தலையில் முடி கொட்டி வட்டமாகச் சொட்டை விழுந்திருக்கிறது. நோயா?

இல்லை, வயசுக்கு வந்துவிட்டது. அது வாசனைச் சுரப்பி. மார்பிலும் இதுபோல் ஒன்று உண்டு. கூட்டத்தில் உள்ளவர்கள்மேல் தலையைத் தேய்த்துத் தேய்த்துத் தன் வாடையை ஏற்றிவிடும். அந்த வாடை இல்லாதவர் அந்நியர், அடிதான் விழும். பெண்ணுக்கு உச்சந்தலையில் இந்தச் சுரப்பி கிடையாது. அங்கே சொட்டை விழுந்தாலோ, ஆணுக்கே அந்த இடம் சிவந்து பொருக்குத் தட்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பின்காலில் இரண்டு விரல்கள் ஒட்டியிருக்கின்றன. பிறவிக் குறையா?

சீப்பு. இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒரே தோலுக்குள் இருக்கும், நகம் மட்டும் தனித்தனி. அதை வைத்துத்தான் ரோமத்தைக் கோதிக்கொள்ளும். கங்காருவுக்கும் கோவாலாவுக்கும்கூட இப்படித்தான்.

16 நாளில் குட்டி போட்டுவிடும் என்கிறார்கள். அவ்வளவு சீக்கிரம் எப்படி முடியும்?

15 முதல் 17 நாள். ஆனால் பிறப்பது முழுக் குட்டி இல்லை. எடை 0.2 கிராம்தான், தாய் 115 கிராம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண் இல்லை, காது இல்லை, பின்கால்கள் வெறும் மொட்டு. முன்கால்கள் மட்டும் தயாராக இருக்கும். தாயின் ரோமத்தைப் பிடித்து, தானாகவே ஊர்ந்து வயிற்றுப் பைக்குள் போய்க் காம்பைக் கவ்வும். காம்பு வாய்க்குள் உப்பி இறுகிக்கொள்வதால் குட்டி கழன்று விழாது. அப்படியே சுமார் 70 நாள். அப்புறம் கூட்டில் கிடந்து வளரும். தாயோடு வெளியே இரைதேடக் கிளம்ப நான்கு மாதம் ஆகும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பிறக்கும்போது அந்தச் சறுக்கும் தோல் இருக்காது. பைக்குள் இருக்கும்போதுதான் விலா ஓரத்தில் மெல்லிய மடிப்பாக எழும்பும். வௌவாலின் இறக்கை கருப்பைக்குள்ளேயே உருவாகிவிடுவதால் பார்ப்பது கஷ்டம். இங்கே பையைத் திறந்து பார்த்தால் தெரியும். அதனால்தான் ஆய்வாளர்களுக்கு இந்தப் பிராணிமேல் தனிப் பிரியம். இந்த மடிப்பு எழுவதில் இஎம்எக்ஸ்2 என்ற மரபணுவுக்கு முக்கியப் பங்கு இருப்பதை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது.

கூடவே பலர் கூச்சப்பட்டுக் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆணுறுப்பு நுனியில் இரண்டாகப் பிளந்திருப்பது இயல்புதான். பெண்ணுக்குக் கருப்பையும் இரண்டு.

பெயரிலேயே சர்க்கரை இருக்கிறதே, பழமும் தேனும் மட்டும் கொடுத்தால் போதாதா?

போதாது. இந்தப் பெயரால் செத்த கிளைடர்கள் ஏராளம் என்று எனக்குத் தோன்றும். காட்டில் இதன் சாப்பாடு அக்கேசியா மரப் பிசின், யூகலிப்டஸ் மரச்சாறு, பூந்தேன், மகரந்தம், பூச்சிகள் விட்டுச்செல்லும் இனிப்புக் கசிவு. கீழ்த்தாடையில் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பற்கள் உளிதான். அவற்றால் மரப்பட்டையைச் செதுக்கிச் சாற்றை வடியவிடும். பிசின் லேசில் செரிக்காது. அதற்காகவே பெருங்குடல் தொடங்கும் இடத்தில் நீண்ட பை ஒன்று இருக்கிறது. அங்கே நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைக்கும். புரதத்துக்குப் பூச்சி, சிலந்தி. குட்டிகளை வளர்க்கும் காலத்தில் இவை கூடுதலாக வேண்டும்.

பழத்தை மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு பலவீனமாகும். முதல் அறிகுறி பின்காலில் தெரியும்: நேற்று வரை தாவியது இன்று இடுப்பை இழுத்துக்கொண்டு நகரும். சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் தேற்றலாம்.

குளிர்காலக் காலையில் தொட்டால் சில்லென்று, அசையாமல் கிடந்தது. இறந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

காட்டில் குளிரும் பசியும் சேர்ந்தால் உடல்சூட்டைத் தானே இறக்கி, எரிபொருளை மிச்சம் பிடித்துக் கிடக்கும். சில மணி நேரத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கவும் இது நீடிக்கலாம். ஆனால் வீட்டில் வேளைக்குச் சாப்பிடும் பிராணி அப்படிக் கிடந்தால் தூக்கம்தான் என்று விட்டுவிடாதீர்கள். உள்ளங்கையில் பொத்தி மெல்லச் சூடேற்றியபடி மருத்துவரிடம் போங்கள்.

எந்த நாட்டுப் பிராணி?

ஆஸ்திரேலியா, நியூ கினி. 2020இல் ஒரு திருத்தம் வந்தது: ஆஸ்திரேலியாவில் ஒரே இனம் என்று நினைத்தது மூன்று இனங்களாம். பெட்டாரஸ் பிரெவிசெப்ஸ் என்ற பழைய அறிவியல் பெயர் கிழக்குக் கடலோரக் காடுகளில் இருப்பதற்கு மட்டும் மிஞ்சியது. மற்ற இரண்டும் நோட்டாட்டஸ், ஏரியல். அமெரிக்காவில் வளர்க்கப்படுபவையோ நியூ கினித் தீவின் மேற்குப் பகுதியான மேற்குப் பப்புவாவிலிருந்து வந்தவை என்று மரபணு ஆய்வு சொல்கிறது.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவுக்கு இதை 19ஆம் நூற்றாண்டில் மனிதர்கள்தான் கொண்டுபோனார்கள். அங்கே மட்டுமே குஞ்சு பொரிக்கும் ஸ்விஃப்ட் கிளி, அழிவின் விளிம்பில் நிற்கிறது. இரவில் மரப்பொந்துக்குள் நுழையும் கிளைடர் முட்டையையும் குஞ்சையும் தின்பதோடு, அடைகாக்கும் தாய்க்கிளியையும் கொன்றுவிடுகிறது.