டியூப் மைக்கில் ஹம், கேப்சூலில் வோல்ட்டே இல்லை: எங்கே பார்ப்பது?

நீங்கள் சொன்னது இதுதான்: சொந்தமாகச் செய்த டியூப் (வெற்றிடக் குழாய்) மைக், மைக்கின் உடலைத் தொட்டால் ஹம் (ரீங்கார இரைச்சல்) மாறுகிறது, கேப்சூலில் (ஒலியைப் பிடிக்கும் பகுதியில்) 60 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மீட்டர் 0.6 மட்டும் காட்டுகிறது.

முதலில் அந்த 0.6. அது பெரும்பாலும் பழுதே இல்லை. கேப்சூலுக்கு 1 கிகா ஓம் ரெசிஸ்டர் வழியாக வோல்ட் போகிறது, சாதாரண மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம்தான், அதனால் மீட்டரை வைத்த உடனே வோல்ட்டில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ரெசிஸ்டருக்கு முன்பக்கம், சப்ளை வரும் முனையில் அளந்து பாருங்கள், அங்கே 60 இருந்தால் கவலை வேண்டாம். டியூபின் கிரிட்டுக்கும் (சிக்னல் நுழையும் முனை) இதே கதைதான். அதை நேரடியாக அளக்காமல், டியூபின் கேதோடு (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) ரெசிஸ்டரில் வோல்ட் பார்த்து கரன்ட்டைக் கணக்கிடுங்கள்.

தொட்டால் ஹம் மாறுவது, உலோக உடல் கிரவுண்டோடு சேரவில்லை என்பதற்கான அடையாளம். பெயின்ட் அடித்த இடத்தில் திருகு போட்டிருக்கிறீர்களா? சுரண்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள். அப்புறம் சப்ளை பெட்டியில் எல்லா கிரவுண்ட் வயர்களையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து, அங்கிருந்து பெட்டியின் உடலுக்கு ஒரே இணைப்பு கொடுங்கள். ஹம் போகட்டும் என்று மெயின்ஸ் எர்த்தை மட்டும் தயவுசெய்து கழற்றாதீர்கள், அது உயிரைக் காப்பது.

ஹீட்டர் (டியூபைச் சூடாக்கும் இழை) வோல்ட்டை சப்ளையில் அல்ல, டியூபின் கால் முனையிலேயே (pin), டியூப் எரியும்போது அளக்க வேண்டும். 0.2 ஆம்பியர் ஓடும்போது கேபிளில் 2 ஓம் இருந்தாலே 0.4 வோல்ட் குறைந்துவிடும்.

சரி, கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.