ஐ.நா.வில் புகார் போடுகிறேன் என்பவருக்கு 3,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியிருக்கிறோம். குழாய் போட்டாயிற்று, தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் அதிசயம். மனித உரிமை அமைப்பு என்று கார்டு மாட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். குடிநீர் ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் இருக்கிறதாம். அங்கேயே புகார் போட்டால் அரசு கொடுத்தே தீரவேண்டுமாம். செலவு 3,000 ரூபாய். நம்பலாமா? மனுவைத் தமிழில் எழுதினால் இங்கே வாங்குவார்களா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 2015 செப்டம்பரில் 193 நாடுகள் சேர்ந்து 17 இலக்குகளை ஏற்றன. ஆறாவது இலக்கு, 2030-க்குள் எல்லோருக்கும் பாதுகாப்பான குடிநீர் என்கிறது. 1948-இன் மனித உரிமைப் பிரகடனத்தையும் அந்த ஆவணம் அடிப்படையாகச் சொல்கிறது. ஆனால் அது அரசுகள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட வாக்கு. தவறினால் தண்டனை கிடையாது. தனி ஆள் புகார் போட அதில் வாசலே இல்லை.

உங்கள் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் குடிநீரும் அடக்கம் என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியாயிற்று. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் கணக்கே ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். கேட்பதை இதை வைத்துக் கேளுங்கள்.

இலக்கு மதிப்பெண்ணை நம்பி உட்காரவேண்டாம். அந்த 17 இலக்குகளில் எந்த மாநிலம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று மத்திய அரசின் நிதி ஆயோக் போட்ட 2023-24 பட்டியலில் கேரளம் 79 மதிப்பெண்ணோடு உத்தராகண்டுடன் முதலிடம். உங்கள் தாலுகாவிலேயே பிளாச்சிமடை இருக்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்சிக் கெடுக்கிறது என்று ஊரார் போராடிய கோக கோலா ஆலை அங்கேதான் இருந்தது, 2004-இல் மூடியது. 2010-இல் அரசுக் குழு போட்ட நஷ்டக் கணக்கு 216 கோடி. இழப்பீட்டுக்கென 2011-இல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. முதலிடமாம்!

இப்போது அந்தக் கார்டுக்காரர். இவர்கள் கேரள-தமிழக எல்லை நெடுக இருக்கிறார்கள். காரில் போர்டு, அரசு முத்திரை மாதிரியே ஒரு முத்திரை. ரசீது கேட்டுப் பாருங்கள், ‘நன்கொடை’ என்று எழுதித் தருவார். வேலை நடக்கவில்லையே என்று பிறகு கேட்டால், நீங்கள் இஷ்டப்பட்டுக் கொடுத்ததுதானே என்பார். சட்டப்படி அமைந்த மனித உரிமை ஆணையம் டெல்லியில் ஒன்று, கேரளத்துக்குத் திருவனந்தபுரத்தில் ஒன்று. இரண்டுக்கும் ஏஜென்ட் கிடையாது, கட்டணமும் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதி நீங்களே அனுப்பலாம். கார்டு, உறுப்பினர் சந்தா, மாவட்டத் தலைவர் பதவி என்று யார் விற்றாலும் அது வியாபாரம்.

முதலில் தகவல் உரிமை மனு போடுங்கள். எங்கள் பகுதிக்குக் கடந்த மூன்று மாதம் எந்தெந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் தண்ணீர் திறந்தீர்கள், அந்தப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று கேரள அரசின் குடிநீர் அமைப்பான வாட்டர் அதாரிட்டியிடம் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 30 நாளில் பதில் வரவேண்டும். அந்த நகலோடு போனால், ‘தினமும் விடுகிறோமே’ என்று யாரும் கையை விரிக்க முடியாது.

மொழி விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். குறை தீர்க்கச் சொல்லும் மனுவை, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு. ஆகவே பஞ்சாயத்துக்கும் கலெக்டருக்கும் தமிழிலேயே எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டம் மட்டும் வேறு: ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி. நாங்கள் மொழிச் சிறுபான்மையாயிற்றே என்று வாதாடலாம்தான். நீங்கள் வாதாடவா போகிறீர்கள், தண்ணீர் வாங்கப் போகிறீர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மலையாளத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரத் தகவல் அலுவலரே உதவவேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. இதை எந்த ஆபீஸும் போர்டு எழுதி மாட்டாது. நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும்.

கிராமசபை உங்கள் வார்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும். போய்ப் பேசி, பேசியதை மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். இதற்கும் அசையவில்லை என்றால் மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுங்கள், ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போடாமல்.

எந்த மனு கொடுத்தாலும் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அன்றைக்கே, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.