பையன் செலக்ட் ஆயிட்டான், அடுத்து என்னங்க பண்றது?

போன இதழ்ல கார்ட் ரேஸ், அதாவது தரையை ஒட்டி ஓடற குட்டி ரேஸ் வண்டிகளோட போட்டி பத்தி நாலு வரி எழுதினதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நான் நினைக்கவே இல்லைங்க. நிறைய அம்மா அப்பா எழுதியிருக்கீங்க, பசங்களே எழுதினதும் இருக்கு. எல்லாத்துக்கும் இடம் பத்தாது, ஒரே மாதிரி இருந்ததை சேர்த்துட்டேன்.

கேள்வி: என் பையனுக்கு 13 வயசு. லீவுக்கு கோவைல மாமா வீட்டுக்கு போனப்ப வாடகை கார்ட் ஓட்டியிருக்கான், டைமிங் பார்த்துட்டு அங்க இருந்தவங்களே டேலண்ட் ஹண்ட்டுக்கு பேர் குடுங்கன்னு சொன்னாங்க. முதல் ரவுண்டு தாண்டிட்டான், அடுத்த ரவுண்டுக்கு மூணு வாரம் இருக்கு. அவங்கப்பா பனியன் கம்பெனில வேலை பாக்கறார், எங்க ரெண்டு பேருக்கும் ரேஸ் பத்தி ஒண்ணுமே தெரியாது. அனுப்பலாமா? எதைப் பார்த்து எடுப்பாங்க?
– ஒரு அம்மா, திருப்பூர்

பதில்: அனுப்புங்கம்மா. ரேஸ் தெரியாதுன்னு கவலைப்படாதீங்க, ரேஸ் தெரிஞ்ச அப்பாக்களாலதான் பாதி பசங்க அங்க கெட்டுப் போறாங்க, அதை கடைசில சொல்றேன்.

முதல்ல எப்படி நடக்கும்னு சொல்லிடறேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி குடுப்பாங்க, எந்த நம்பர் வண்டி யாருக்குன்னு பெரும்பாலும் சீட்டு குலுக்கித்தான். ஒரே மாதிரின்னு சொன்னாலும் ஒரே கம்பெனி வண்டி பத்து வரிசையா நின்னா அதுல ரெண்டு நல்லா இழுக்கும், ஒண்ணு ரெண்டு சோம்பேறியா இருக்கும், டயர் ஒண்ணுல தேஞ்சிருக்கும், இது அங்க நிக்கற எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் ஒரு செஷன் முடிஞ்சதும் வண்டிய மாத்தி மாத்தி ஓட விடுவாங்க. ஒரே ஒரு லேப் (டிராக்கை ஒரு சுத்து) பிரமாதமா ஓட்டினவனை விட பத்து லேப்பும் ஒரே டைம்ல கொண்டு வர்றவனைத்தான் விவரம் தெரிஞ்சவங்க தேடுவாங்க. அப்புறம் ஒரு செஷன் முடிஞ்சு கோச் ஒரு விஷயம் சொல்லி அனுப்புவார், அடுத்த செஷன்ல பையன் அதை செய்யறானான்னு அந்த ஒரு வளைவை மட்டும் உத்துப் பார்த்துட்டே நிப்பாங்க.

நான் கண்ணால பார்த்தது ஒண்ணு சொல்றேன். கொஞ்ச வருஷம் முன்னாடி இந்த மாதிரி ஒரு செலக்‌ஷன்ல வேலிக்கு வெளிய நின்னுட்டு இருந்தேன், ஏப்ரல் வெயில், தார்ல கால் வச்சா செருப்பு ஒட்டுது. காலைல ஒரு பையன் எல்லாரையும் தூக்கி சாப்பிட்டுட்டான். மதியம் வண்டி மாத்தினாங்க, டைம் மோசமாயிடுச்சு, இறங்கி வந்து கிளவுஸைக் கழட்டி சீட்டுல வீசிட்டு "வண்டி வேஸ்ட்டு"ன்னு சொல்லிட்டு போயிட்டான். அடுத்த செஷன்ல அதே வண்டில இன்னொரு பையன், ஒல்லியா இருப்பான், ஹெல்மெட்டு கூட இரவல்தான்னு நினைக்கறேன். டைம் ஒண்ணும் பிரமாதம் இல்ல. இறங்கினதும் வண்டி எப்படிடான்னு கேட்டாங்க. கையால ஸ்டியரிங் பிடிக்கற மாதிரி வச்சுட்டு, "லெஃப்ட்டு திரும்பறப்ப மூக்கு வெளிய தள்ளுது அங்கிள், அதனால கொஞ்சம் முன்னாடியே பிரேக் போட்டு மெதுவா உள்ள விட்டேன், அப்ப வெளிய வர்றப்ப நல்லா எடுக்குது"ன்னான். அட்டைல பேப்பர் வச்சுட்டு நின்னவர் அது வரைக்கும் டைம் மட்டும்தான் குறிச்சுட்டு இருந்தார், அப்ப ஒரு முழு வரி எழுதினார். அடுத்த ரவுண்டு லிஸ்ட்ல அந்தப் பையன் பேர் இருந்துச்சு.

அதனால இந்த மூணு வாரத்துல உங்க பையன் வண்டில இருந்து இறங்கினதும் "டைம் என்ன?"ன்னு கேக்காதீங்க, "எந்த வளைவுல கஷ்டமா இருந்துச்சு, ஏன்?"னு கேளுங்க. ஒண்ணுமே தெரியாத அம்மாவுக்கு புரியற மாதிரி அவன் சொல்லிப் பழகினா போதும், அதுதான் அங்க கேக்கப் போற கேள்வி.

எடுக்கலைன்னா? நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் 1992-ல பிரான்ஸ்ல எல்ஃப் வின்ஃபீல்ட் ரேசிங் ஸ்கூலுக்கு போனார், அங்க பைலட் எல்ஃப்னு ஒரு போட்டி, அதுவும் திறமையான பசங்களை தேடி எடுக்கறதுதான். அவர் செமிஃபைனல் வரைக்கும்தான் வந்தார். 2005-ல ஜோர்டான்ங்கற டீம்ல ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர் ஆனதும் அவர்தான். நடுவுல 13 வருஷம் இருக்குங்க.

அப்பாக்கள் விஷயம். வேலியைப் பிடிச்சுட்டு "முந்துடா, முந்துடா"ன்னு கத்தற அப்பாவை நடத்தறவங்க கவனிக்கத்தான் செய்வாங்க, நாளைக்கு இவரை வச்சு எப்படி காலம் தள்றதுன்னு யோசிப்பாங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு பாட்டில் மோரும் ஒரு துண்டும் குடுத்து நிழல்ல உக்கார சொல்லுங்க, அதுவே பெரிய உதவி.

கேள்வி: அண்ணா எனக்கு 15 வயசு, 64 கிலோ இருக்கேன். கூட ஓட்றவனுங்க எல்லாம் 40, 42 கிலோ. நேரா போற இடத்துல என்னைத் தாண்டி போயிடறானுங்க. சாப்பாட்டைக் குறைச்சுட்டு இருக்கேன். இது நியாயமா?
– ஒரு தம்பி, சேலம்

பதில்: தம்பி, முதல்ல இன்னைக்கு நைட் வயிறு நிறைய சாப்பிடு. வளர்ற வயசுல பட்டினி கிடந்து ஓட்டினா பத்தாவது லேப்ல கை நடுங்கும், கவனம் போகும், அங்கதான் அடிபடும். இதை நான் கெஞ்சிக் கேக்கறேன்.

நீ சொல்றது உண்மைதான். வாடகை வண்டி எஞ்சின் சின்னது, எடை ஏற ஏற வளைவுல இருந்து வெளிய வர்றப்ப இழுவை குறையும். ஒழுங்கான சாம்பியன்ஷிப்ல வண்டியும் ஆளும் சேர்ந்து இவ்வளவு கிலோவுக்கு குறையக் கூடாதுன்னு ரூல் இருக்கும், ஒல்லியா இருக்கறவன் சீட்டுல ஈயக் கட்டி வச்சு போல்ட் போட்டுக்கணும், ரேஸ் முடிஞ்சதும் வண்டியோட தராசுல ஏத்துவாங்க. அதனால உன் போட்டில எடை சமன் பண்றாங்களான்னு பேர் குடுக்கறதுக்கு முன்னாடியே கேளு, கேக்கறது தப்பே இல்ல. இல்லைன்னு சொன்னா எடை வாரியா பிரிச்சு பாக்கறாங்களான்னு கேளு. ரெண்டும் இல்லைன்னா அந்தப் போட்டியை அனுபவத்துக்கு ஓட்டு, ரிசல்ட்டை மனசுல ஏத்திக்காதே.

கேள்வி: வளைவுல டயர் கிரீச்னு கத்துது, வேகமா போற மாதிரிதான் தோணுது, ஆனா டைம் வர மாட்டேங்குது. ஏன் சார்?
– காலேஜ் ஸ்டூடன்ட், பெருந்துறை

பதில்: கத்துதுன்னா வேகம் அங்க உரசி கரையுதுன்னு அர்த்தம். கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, டிஃபரென்ஷியல் (ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற பாகம்) கிடையாது. பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரே இரும்புத் தண்டுல இறுக்கிக் கட்டியிருக்கு, அதனால ரெண்டும் எப்பவும் ஒரே வேகத்துலதான் சுத்தும். ஆனா வளைவுல உள்பக்க சக்கரம் போற தூரம் கம்மி, வெளிப்பக்கம் அதிகம், அப்ப ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். இந்த சண்டையைத் தீர்க்கணும்னா உள்பக்க பின் சக்கரம் ஒரு நொடி தரையை விட்டு லேசா எழும்பணும். அதுக்குத்தான் ஸ்டியரிங்கைத் திருப்பினா முன் சக்கரம் ஒண்ணு கீழ அமுங்கி ஒண்ணு மேல ஏறற மாதிரி வடிவமைச்சிருக்காங்க, சேசிஸே, அதாவது வண்டியோட இரும்புச் சட்டமே ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக் குடுக்கும், சீட்டுல நீ உக்கார்ற விதமும் அதுல சேரும்.

நீ என்ன பண்றன்னா, அநேகமா லேட்டா பிரேக் போட்டு, பதட்டத்துல ஸ்டியரிங்கை அதிகமா ஒடிச்சு, பின்பக்கத்தை வழுக்க விடறே. வாடகை வண்டில பவர் கம்மி, ஒரு தடவை ஆர்பிஎம் (எஞ்சின் சுத்தற வேகம்) விழுந்தா அந்த நேர்ப்பாதை முழுக்க அது ஏறிட்டே இருக்கும். ரெண்டு மீட்டர் முன்னாடி நேரா இருக்கறப்பவே பிரேக் போட்டு முடி, ஒரே தடவைல திருப்பு, வெளிய வர்றப்ப ஸ்டியரிங்கை விட்டுக் குடு, வண்டி தானா டிராக் ஓரம் வரைக்கும் அகலமா போகட்டும். மெதுவா போற மாதிரி தோணும், டைம் இறங்கும்.

மழை பெஞ்சா மட்டும் இதுல பாதி மாறிடும். வெயில்ல எல்லாரும் போற லைன்ல ரப்பர் படிஞ்சிருக்கும்ல, தண்ணி பட்டா அது சோப்பு மாதிரி, அதனால அந்த லைனை விட்டு வெளிப்பக்கமா சுத்திப் போகணும். மழை நாள் செலக்‌ஷன்ல இது தெரிஞ்ச பையன் தனியா தெரிவான்.

கேள்வி: பொண்ணுங்களுக்கு இதுல சான்ஸ் இருக்கா? எங்க வீட்ல சிரிக்கறாங்க. ப்ளஸ் ஒன் படிக்கறேன்.
– ஒரு மாணவி, மதுரை

பதில்: இருக்கும்மா, உன் வீட்ல இந்தப் பதிலைப் படிச்சுக் காட்டு. உலக மோட்டார் ஸ்போர்ட் அமைப்பான எஃப்ஐஏ 2020-ல பொண்ணுங்களுக்குன்னே கேர்ள்ஸ் ஆன் டிராக் ரைசிங் ஸ்டார்ஸ்னு ஒரு தேடல் நடத்துச்சு. பிரான்ஸ்ல பால் ரிக்கார்ட் டிராக்ல 20 பொண்ணுங்க, 12 வயசுல இருந்து 16 வரைக்கும். கடைசில நாலு பேரை மட்டும் இத்தாலி மரனெல்லோவுக்கு கூட்டிட்டுப் போனாங்க, ஃபெராரியோட ஊரு அது. மாயா வியூக் ஜெயிச்சு ஃபெராரி டிரைவர் அகாடமில சேர்ந்த முதல் பொண்ணு ஆனாங்க. அந்த நாலு பேர்ல பிரான்ஸ்ல இருந்து வந்த டோரியான் பின்ங்கற பொண்ணும் ஒருத்தர், அவங்களை எடுக்கல. 2025-ல எஃப்1 அகாடமி, அதாவது பொண்ணுங்க மட்டும் ஓட்டற ரேஸ் தொடர்ல சாம்பியன் யாரு தெரியுமா? டோரியான் பின். ரெண்டாவது இடம் மாயா வியூக். எனக்கு இதை எழுதறப்பவே புல்லரிக்குது.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். முடியை இறுக்கிப் பின்னி, தலைக்கு பாலக்ளாவா (ஹெல்மெட்டுக்குள்ள போடற துணி முகமூடி) போட்டு, ஹெல்மெட்டுக்கும் சூட்டுக்கும் உள்ள முழுசா அடக்கிடு. துப்பட்டா, தொங்கற கயிறு எதுவும் கூடாது. பின்னாடி சுத்தற தண்டுல முடி சிக்கி வாடகை டிராக்குல நம்ம நாட்லயே உயிர் போயிருக்கு. யாராவது "பரவால்ல, ஒரு ரவுண்டுதானே"ன்னா ஏறாதே.

கேள்வி: டேலண்ட் ஹண்ட்ல ஜெயிச்சா ஃபார்முலா ஒன் போயிடலாமா? செலவை எல்லாம் அவங்களே பாத்துப்பாங்களா? ஊர்ல இருக்கற இடத்தை விக்கலாமான்னு யோசிக்கறேன்.
– ஒரு தந்தை, சென்னை

பதில்: இடத்தை விக்காதீங்க சார், இப்ப வேண்டாம்.

2011-ல ஃபோர்ஸ் இந்தியாங்கற ஃபார்முலா ஒன் டீம் நாடு முழுக்க ஒன் ஃப்ரம் எ பில்லியன்னு கார்ட்ல ஒரு தேடல் நடத்துச்சு. பெங்களூரு அர்ஜுன் மைனி, மும்பை ஜெஹான் தாருவாலா, நம்ம சென்னை தருண் ரெட்டி, மூணு பேரை எடுத்தாங்க. ஜெஹானுக்கு அப்ப 12, 13 வயசுதான். அவர் 2020-ல பஹ்ரைன் சாகிர்ல ஃபார்முலா 2 (ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழ) ரேஸ் ஜெயிச்ச முதல் இந்தியர் ஆனார், அப்புறம் மின்சார கார் ரேஸான ஃபார்முலா ஈ-ல மசராட்டி டீமுக்கு ஓட்டினார். அர்ஜுன் ஃபார்முலா 2 ஓட்டிட்டு ஜெர்மனி கார் ரேஸ் தொடரான டிடிஎம் பக்கம் போயிட்டார். மூணு பேர்ல யாரும் ஃபார்முலா ஒன் ரேஸ்ல நிக்கல. அவங்களைத் தேடி எடுத்த டீமே 2018-ல பணமில்லாம திவால் நடவடிக்கைக்கு போய் கை மாறிடுச்சு. ஆனா அந்த வாய்ப்பு இல்லாட்டி அந்தப் பசங்க இவ்ளோ தூரம் போயிருப்பாங்களான்னா, கஷ்டம்தான். நல்ல டேலண்ட் ஹண்ட் ஒரு கதவு, அதுக்கப்புறம் படிக்கட்டு ரொம்ப நீளம், ஒவ்வொரு படிக்கும் காசு.

டயர், எஞ்சின் பிரிச்சு சேர்க்கறது, மெக்கானிக், என்ட்ரி ஃபீஸ், ஊர் ஊரா ரூம் வாடகை, இதுல எது எது பரிசுல அடங்கும்னு எழுத்துல வாங்குங்க. எத்தனை ரேஸ், எத்தனை செட் டயர், வண்டி உடைஞ்சா யார் பொறுப்பு, எல்லாமே. வருங்கால சம்பாத்தியத்துல இத்தனை சதவீதம்னு ஏதாவது வரி இருந்தா ஒரு வக்கீல்கிட்ட காட்டாம கையெழுத்துப் போடாதீங்க.

பிரான்ஸ் ஃபார்முலா ஒன் டிரைவர் எஸ்டபான் ஓகோனோட அப்பா அம்மா வீட்டை வித்து கேரவன்ல குடியிருந்து பையனை ஓட்ட வச்சாங்க, அவர் 2021-ல ஹங்கேரில ஜெயிக்கவும் செஞ்சார். அந்தக் கதையை எல்லாரும் சொல்லுவாங்க. அதே மாதிரி வித்து, ஜெயிக்காம போன குடும்பத்தை யாரும் பேட்டி எடுக்கறதில்ல சார். உங்க பொண்ணோ பையனோ முதல்ல ஒரு வருஷம் வாடகை வண்டி லீக்ல ஓட்டட்டும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் உங்களுக்குப் பக்கத்துலயே இருக்கு. ஆர்வம் குறையாம இருந்தா அப்புறம் இந்திய மோட்டார் ஸ்போர்ட் அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யோட லைசென்ஸ் எடுத்து நேஷனல் சாம்பியன்ஷிப் பத்தி பேசலாம்.

கேள்வி: முதல் நாள் நைட் என்ன பண்ணணும்? தூக்கமே வராது எனக்கு.
– 12 வயசு, பொள்ளாச்சி

பதில்: வராதுதான் கண்ணு, யாருக்கும் வராது. பையை எட்டு மணிக்கே கட்டி வச்சுடு: கிளவுஸ், அடிப்பாகம் மெல்லிசா இருக்கற ஷூ, ஃபுல் கை சட்டை, மாத்திக்க ஒரு பனியன். ரிப் ப்ரொடெக்டர் (விலாவைக் காக்கற கவசம்) கிடைச்சா கேட்டு வாங்கிப் போடு, பிளாஸ்டிக் சீட்டுல விலா எலும்பு இடிச்சு இடிச்சு ரெண்டாவது நாள் சிரிச்சா கூட வலிக்கும். கொடி எல்லாம் ஒரு தடவை படிச்சுக்கோ: மஞ்சள்னா முன்னாடி ஆபத்து, முந்தக் கூடாது. நீலம்னா பின்னாடி வேகமா ஒருத்தர் வர்றார், வழி விடு. சிவப்புன்னா ரேஸ நிறுத்திட்டாங்க. அப்புறம் படுத்துட்டு கண்ணை மூடி முதல் வளைவுல இருந்து கடைசி வளைவு வரைக்கும் மனசுல ஓட்டிப் பாரு, எங்க பிரேக், எங்க திருப்பறது, எங்க காலை அமுக்கறது. மூணாவது லேப்புல தூங்கிடுவே. காலைல இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். முடிஞ்சதும் எந்த நம்பர் வண்டி வந்துச்சு, அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுது.